தாமே திருத்திய ஏடு

வங்கத் திரைமேதை சத்யஜித் ராய் 1921ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பிறந்தார். மூன்று வயது நிறையுமுன்பே தந்தையை இழந்தார். சாந்திநிகேதனில் ஓவியம் பயின்று, 1943இல் விளம்பர நிறுவனமொன்றில் ஓவியரானார்.

திரைக்கதை எழுத அவருக்குக் கற்பிப்பார் எவருமிலர். ஏதேனும் ஒரு கதை படமாகிறது என அறிந்தால், அதற்குத் தாமும் ஒரு திரைக்கதை எழுதுவார். படம் வெளிவந்தபின் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இதுவே அவர் தமக்கென வகுத்துக்கொண்ட பாடம்.

1940களின் பிற்பகுதியில், தாகூரின் ‘கரே பாய்ரே’ புதினத்திற்குத் திரைக்கதை எழுதினார். தயாரிப்பாளர் கோரிய மாற்றங்களை ஏற்க மறுத்தார், முயற்சி நின்றது. இளைஞரின் உள்ளம் நொந்தது. பல ஆண்டுகள் கழித்து அவ்வேட்டைப் படித்தபோதோ அதன் முதிர்ச்சியின்மை அவருக்கே புலப்பட்டது. அது படமாகாததே நன்றென உணர்ந்தார்.

1950இல் பணிநிமித்தம் இலண்டன் சென்றவர், அங்கே ஏறத்தாழ நூறு படங்களைக் கண்டார். திரும்பும் கப்பலிலேயே ‘பதேர் பாஞ்சாலி’க்குக் குறிப்புகள் எழுதலானார். காட்சிகளைச் சித்திரங்களாகத் தீட்டித் தயாரிப்பாளர்களிடம் காட்டினார், எவரும் முன்வரவில்லை. காப்பீட்டின்மீது கடன் பெற்றும், மனைவியின் நகைகளை அடகு வைத்தும் படப்பிடிப்பைத் தொடர்ந்தார். மேற்கு வங்க அரசின் நிதியுதவியால் படம் நிறைவுற்று 1955இல் வெளிவந்தது. மறு ஆண்டே கான் திரைப்பட விழாவில் விருது பெற்றது.

‘கரே பாய்ரே’யும் 1984இல் படமாயிற்று. உலகப்புகழ் பெற்றபின்னும் அவர் பழைய ஏட்டைக் கையாளவில்லை. திரைக்கதையை முதல் வரியிலிருந்து புதிதாகவே எழுதினார். 1992இல் ராய் மறைந்தார்.