முற்றத்தைப் பள்ளியாக்கிய தாராபாய் மோடக்

அங்கன்வாடி மையத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பலர் இன்றும் பால்வாடி என்றே அழைக்கின்றனர். இச்சொல்லில் உள்ள பால் என்பதற்கு மராத்தியிலும் குஜராத்தியிலும் குழந்தை என்று பொருள். தமிழ்ச் செவிக்கோ அது பசும்பாலாகவே ஒலிக்கிறது. பசித்த குழந்தைக்கு உணவு கிடைக்கும் இடம் என்பதால் அந்தப் பொருள் மாற்றமும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. பால்வாடி, அங்கன்வாடி ஆகிய இரு கருத்துகளும் உருவான இடம், மும்பைக்கு வடக்கே அரபிக் கடலோரத்தில் உள்ள போர்டி என்ற சிற்றூர். அவற்றை உருவாக்கியவர் தாராபாய் மோடக்.

1892இல் பிறந்த தாராபாயின் தந்தை சதாசிவ கேல்கர், பிரார்த்தனை சமாஜத்தின் சீர்திருத்தவாதி. கைம்பெண்ணான உமாபாயை மறுமணம் செய்துகொண்டவர். சாதிக் கட்டுப்பாடுகளை மீறிய குடும்பத்தில் வளர்ந்த தாராபாய், 1914இல் மும்பைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அமராவதியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவருடனான மணவாழ்வு 1921இல் முறிந்தது. மணமுறிவு என்ற சொல்லே அரிதாக இருந்த அந்நாளில், ராஜ்கோட்டில் பெண் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பேற்றுத் தம் காலில் நின்றார்.

அந்தப் பதவியை அவர் உதறியது, பாவ்நகரில் கிஜுபாய் பதேகா நடத்திவந்த தட்சிணாமூர்த்தி பாலமந்திரைப் பற்றி அறிந்த பிறகுதான். வக்கீல் தொழிலைக் கைவிட்டுக் குழந்தைகளுக்காகவே வாழ்ந்த கிஜுபாயை மீசை முளைத்த தாய் என்று குஜராத் மக்கள் அன்புடன் அழைத்தனர். 1923இல் அவருடன் இணைந்த தாராபாய், இத்தாலியின் மரியா மாண்டிசோரி வகுத்த கல்விமுறையை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவரும் பணியில் ஈடுபட்டார். 1926இல் இருவரும் நூதன் பால சிட்சண சங்கத்தை நிறுவினர். பின்னர் மும்பை திரும்பிய தாராபாய், 1936இல் தாதரில் சிசு விகாரைத் தொடங்கினார்.

தாதரில் வெற்றி கிடைத்தது. ஆனால் அது நடுத்தர வகுப்பினரின் குழந்தைகளுக்கான வெற்றி. அயல்நாட்டு மாதிரியில் செய்யப்பட்ட விலையுயர்ந்த கருவிகளை வாங்க வசதியில்லாத கிராமத்துக்கு இம்முறையால் என்ன பயன் என்ற கேள்வி அவரை வாட்டியது. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டமோ 7 வயதில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகள், அதாவது ஏழைக் குழந்தையின் உடலும் அறிவும் நிலைபெறுவதா நலிவதா என்று தீர்மானிக்கப்படும் ஆண்டுகள், எவர் கணக்கிலும் இல்லை.

1945இல் தம் 53ஆவது வயதில் அவர் போர்டிக்குச் சென்றார். அவ்வாண்டு அப்பகுதிக்குச் சாதாரண ஆண்டன்று. தாணே மாவட்டத்தின் வார்லி பழங்குடியினர் திருமணக் கடனுக்காகவே தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளர்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்தனர். அதே 1945இல் கோதாவரி பருலேகர் முதலானோர் தலைமையில் கிசான் சபையின் செங்கொடியின்கீழ் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். தாராபாயின் பாதை வேறு. அவர் கொத்தடிமையின் குழந்தையிலிருந்து தொடங்கினார். அடிமைத்தளையை அறுத்த பெருமை போராட்டத்துக்கே உரியது. பால்வாடியால் மட்டும் அது நடந்திருக்காது என்பதில் ஐயமில்லை. ஆயினும் விடுபட்ட குடும்பத்தின் குழந்தை அடுத்து எங்கே செல்வது என்ற கேள்விக்கு விடை தேடியவர் தாராபாய்.

உடன் வந்தவர் அனுதாய் வாக். 13 வயதில் மணமுடிக்கப்பட்டு, சில மாதங்களிலேயே கணவரை இழந்து, அதன்பின் படித்து ஆசிரியையானவர். இருவரும் நடத்திய மையத்துக்குத் தாழ்த்தப்பட்ட குடியிருப்பின் குழந்தைகள் தாமாக வரவில்லை. பெற்றோர் விடியற்காலையில் கூலிக்குச் சென்றுவிட, மூத்த குழந்தை இளையதை இடுப்பில் சுமந்து திரியும். பசியும் சொறியும் பிடித்த அக்குழந்தைகளுக்கு எழுத்தறிவு இரண்டாவது தேவைதான். குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையிடம் போகட்டும் என்று தாராபாய் முடிவு செய்தார். ஆசிரியைகள் குடியிருப்புக்கே சென்று, ஏதோ ஒரு வீட்டின் முற்றத்தில் குழந்தைகளைக் கூட்டிக் குளிப்பாட்டி, தலைவாரி, பிறகு பாட்டும் விளையாட்டும் கற்பித்தனர். ஆங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி பிறந்தது இவ்வாறுதான். மாண்டிசோரி கருவிகளின் இடத்தை விதைகளும் கிளிஞ்சல்களும் இலைகளும் களிமண்ணும் பிடித்தன. செலவு குறைந்ததோடு, குழந்தைக்குப் பழகிய பொருள்களே பாடமாயின.

1950களின் பிற்பகுதியில் பணி அருகிலுள்ள கோஸ்பாட் குன்றுக்கு மாறி வார்லி மக்களின் நடுவே வேரூன்றியது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் பள்ளிக்கு வராத சிறுமிக்காகக் குழந்தைகள் காப்பகம், மழலையர் பள்ளி, தொடக்கப் பள்ளி மூன்றும் ஒரே வளாகத்தில் இணைக்கப்பட்டன. மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடந்தது. கல்வித்துறை அதிகாரிகள் இதையெல்லாம் பள்ளி என்று ஏற்பதற்கு நீண்ட காலம் பிடித்திருந்தால் வியப்பில்லை. 1962இல் தாராபாய்க்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1973 ஆகஸ்டில் அவர் காலமானார்.

இரண்டே ஆண்டுகளில், 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியது. மையங்களுக்கு அங்கன்வாடி என்றே பெயர் சூட்டப்பட்டது. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கான சத்துணவுக் கல்வி, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகள் அதில் அடங்கின. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 14 லட்சம் மையங்களை அமைக்க உத்தரவிட்டது. அந்த எண்ணிக்கை ஏறத்தாழ எட்டப்பட்டும் விட்டது.

எனினும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தாராபாய் பணியாற்றிய அதே தாணே மாவட்டத்தின் ஜவ்ஹார், மோகாடா பகுதிகளில் 1990களின் தொடக்கத்தில் பழங்குடிக் குழந்தைகள் ஊட்டச்சத்துக் குறைவால் மடிந்த செய்தி நாட்டை உலுக்கியது. அப்பகுதிகள் 2014இல் பால்கர் என்ற தனி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டன. பட்டினிச் செய்திகள் அதன் பிறகும் ஓயவில்லை.

தாராபாயின் முற்றத்தில் மையமாக இருந்தவர் ஆசிரியை. அரசுத் திட்டத்திலோ அவர் மதிப்பூதியம் பெறும் தொண்டர். 2018 அக்டோபர் முதல் மத்திய அரசு உயர்த்திய மதிப்பூதியமே மாதம் 4,500 ரூபாய்தான். மாநிலங்கள் தம் பங்கைக் கூடுதலாக வழங்குகின்றன. உணவு வழங்கல், எடை பார்த்தல், பதிவேடு நிரப்புதல் ஆகியவற்றுக்கிடையே பாட்டுக்கும் விளையாட்டுக்கும் எஞ்சும் நேரம் சொற்பம். அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஏப்ரலில். திட்டம் தொடங்கி 46 ஆண்டுகள் கழித்து.

தாராபாய்க்குப் பின் கோஸ்பாட் பணியை அனுதாய் வாக் 1992இல் தாம் மறையும்வரை அக்குன்றிலேயே தங்கி நடத்தினார்.