இரண்டாம் ஹென்றி: கொலையாளிகளைத் தேடிய மன்னர்

ஸ்டீபன் மன்னர் காலத்து உள்நாட்டுப் போரால் சட்டம் ஒழுங்கு சீர்குலைந்திருந்த இங்கிலாந்தில், 1154ஆம் ஆண்டு இரண்டாம் ஹென்றி முடிசூடினார்.

கொள்ளையர், கொலைகாரர் எனச் சந்தேகிக்கப்படுவோரை வட்டாரந்தோறும் 12 பேர் சத்தியம் செய்து அறிவிக்க வேண்டும் என்று 1166இல் கிளாரெண்டனில் அவர் ஆணையிட்டார். அவ்வாறு குற்றஞ்சாட்டப்பட்டவர் கட்டப்பட்டு நீரில் இறக்கப்பட்டார். மிதந்தால் குற்றவாளி, பாதம் வெட்டப்படும். மூழ்கினால் நிரபராதி. ஆனாலும், ஊரில் மிகக் கெட்ட பெயர் இருந்தால் அவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். ஊர்ப்பேச்சுக்கே தண்டனை என்பதுதான் இதன் பொருள்.

குற்றமிழைத்த மதகுருமாரையும் அரச தண்டனைக்கு உட்படுத்த அவர் முயன்றதைப் பேராயர் தாமஸ் பெக்கெட் எதிர்த்தார். 1170இல் மன்னரின் வீரர்கள் நால்வர் பெக்கெட்டைக் கான்டர்பரி பேராலயத்திலேயே வெட்டிக் கொன்றனர். அந்த நால்வரை ஹென்றி கைது செய்யவில்லை. மாறாக, 1174இல் பெக்கெட்டின் கல்லறைக்கு வெறுங்காலுடன் சென்று, துறவிகளிடம் தாமே கசையடி பெற்றார். 1189இல், மகன் ரிச்சர்டிடம் போரில் பணிந்த சில நாட்களில் அவர் காலமானார்.