சீகன்பால்கு ஐயரின் நூல்நிலையம்

ஜெர்மனி தேசத்துச் சாக்ஸனி நாட்டிலே, புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் 1682-ஆம் ஆண்டு பிறந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர், இளமையிலேயே பெற்றோரை இழந்து, ஹாலே சர்வகலாசாலையிற் சிறிது காலம் பயின்றார். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கு அனுப்ப, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்.

போதிக்க வந்தவர் முதலில் மாணாக்கரானார். முதிய உபாத்தியாயர் ஒருவரைக்கொண்டு தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துவித்து, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பின்பு நூல்வேட்கை மிக்கவராய்த் தம் எழுத்தர்களை ஊர்தோறும் அனுப்பினார். அவர்கள் பிராமண விதவைகளிடமிருந்த ஏடுகளை விலைகொடுத்து வாங்கிவந்தனர். கறம்பக்குடி போன்ற சிற்றூர்களினின்று வந்து, கல்லூரி நூல்நிலையத்திற் கேட்ட நூலை நொடியிற் பெறும் நம்மனோர்க்கு அவ்வருமை எளிதிற் புலப்படாது. 1708-இல் அவர் வரைந்த அட்டவணையில் 119 தமிழ் நூல்கள் காணப்படுகின்றன. தொல்காப்பியமும் திருக்குறளும் அவற்றுள் அடங்கும். வெறும் பெயர்ப்பட்டியலன்று அது. நூல்கள் நுவலும் பொருளையும் அதிற் குறித்துள்ளார்.

அவ்வாண்டு நவம்பரிலேயே கோட்டைத் தலைவரின் பகைமையால் நான்கு மாதச் சிறைவாசம் நேர்ந்தது.

அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்ததை யாவரும் அறிவர். 1713-இல் அவர் எழுதிய தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாறோ, ஹாலேப் பெரியோரால் அச்சிடத் தகாததென ஒதுக்கப்பட்டது. பிறர் சமயத்தை அவர்தம் நூல்கள் வாயிலாகவே அறியவேண்டுமென்னும் அவர் துணிவு அப்பெரியோர்க்கு விளங்கவில்லை போலும்! 1719 பிப்ரவரியில், 37 வயது நிரம்புமுன், ஐயர் தரங்கம்பாடியிலேயே காலமானார். அந்நூல் 1867-இற்றான் சென்னையில் அச்சேறியது.