யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்? ராமன் விளைவுக்குப் பின்னால் இருந்த வத்திராயிருப்பு விஞ்ஞானி

ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். அன்று எல்லோரும் சர் சி.வி.ராமனை நினைவுகூர்வோம். ஆனால் 1928-ல் அந்தக் கண்டுபிடிப்புக்கான சோதனைகளில் ராமனோடு சேர்ந்து உழைத்த இன்னொரு தமிழரின் பெயர் பலருக்கும் தெரியாது. அவர்தான் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன், சுருக்கமாக கே.எஸ்.கிருஷ்ணன்.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், மகாராஜபுரத்தை அடுத்துள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் இவர். அப்பா விவசாயி. தமிழும் சமஸ்கிருதமும் நன்கு கற்றவர். கிருஷ்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து பள்ளியில் படித்தார். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. படித்தது இயற்பியல், ஆனால் முதல் வேலை வேதியியல் ஆய்வகத்தில், மாணவர்களுக்குச் செய்முறை சொல்லித்தரும் டெமான்ஸ்ட்ரேட்டர் பணி. அங்கிருந்து கொல்கத்தா போய், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

ஒளி என்றால் என்ன?

கிருஷ்ணன் என்ன செய்தார் என்று புரிய, முதலில் ஒளியைப் பற்றிக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

ஒளி ஒரு மின்காந்த அலை. வெற்றிடத்தில் நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகும். ரேடியோ அலை, மைக்ரோவேவ், அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா, எக்ஸ்ரே, காமா கதிர் எல்லாமே ஒரே குடும்பம்தான். வித்தியாசம் அலைநீளத்தில்தான். ரேடியோ அலையின் நீளம் மீட்டர் கணக்கில், சில சமயம் கிலோமீட்டர் கணக்கில்கூட இருக்கும். காமா கதிரின் நீளம் அணுவைவிடச் சிறியது.

இந்த நீண்ட வரிசையில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு சின்னத் துண்டு மட்டுமே. சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு மீட்டரை 100 கோடியாகப் பிரித்தால் வருவது 1 நானோமீட்டர். 400 பக்கம் ஊதா, 700 பக்கம் சிவப்பு. அலைநீளம் குறையக் குறைய அந்த ஒளியின் ஆற்றல் கூடும். அதனால்தான் எக்ஸ்ரே உடம்பை ஊடுருவுகிறது, சிவப்பு ஒளியால் அது முடியவில்லை.

அந்த மங்கலான ஒளி எங்கிருந்து வந்தது?

ராமன் குழுவின் கேள்வி இதுதான்: ஒரு திரவத்துக்குள் ஒளியைச் செலுத்தினால், சிதறி வெளியே வரும் ஒளியின் நிறம் மாறுமா?

சோதனை எளிமையானது. சூரிய ஒளியை ஒரு வடிகட்டி வழியாக அனுப்பி, நீல-ஊதா நிறத்தை மட்டும் திரவத்துக்குள் விடுவார்கள். சிதறி வரும் ஒளியை, ஊதாவைத் தடுத்து மஞ்சள்-பச்சையை மட்டும் விடும் இன்னொரு வடிகட்டி வழியாகப் பார்ப்பார்கள். நிறம் மாறவில்லை என்றால் கண்ணுக்கு எதுவுமே தெரியக்கூடாது. ஆனால் மங்கலாக ஒரு ஒளி தெரிந்தது.

1925-லேயே கிருஷ்ணன் பல திரவங்களில் இதைக் கவனித்திருந்தார். அப்போது அது ஃப்ளோரசன்ஸ், அதாவது திரவத்தில் இருக்கும் அழுக்கு தானாக ஒளிர்வது என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆனால் திரவத்தை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அந்த ஒளி போகவில்லை.

பிறகு கிருஷ்ணன் சில காலம் கோட்பாட்டுக் கணக்குகளில் மூழ்கினார். 1928 பிப்ரவரி தொடக்கத்தில், ராமனின் தூண்டுதலால், மறுபடியும் சோதனைக்கு வந்தார். இந்த முறை ஒரு முக்கியமான விஷயம் உறுதியானது. அந்த மங்கலான ஒளியின் அலைகள் ஒரு குறிப்பிட்ட திசையில் அதிர்ந்தன. சாதாரண ஃப்ளோரசன்ஸ் அப்படி இருக்காது. சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் அதே கதை. பிப்ரவரி 28 அன்று ஸ்பெக்ட்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, உள்ளே போன நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு இருண்ட இடைவெளி, அதைத் தாண்டி ஒரு புதிய நிறம்.

ஏன் நிறம் மாறுகிறது? கேரம் போர்டை நினைச்சுக்கோங்க. ஸ்ட்ரைக்கர் போய் காயின் மேல் மோதினால், தன் ஆற்றலில் கொஞ்சம் காயினுக்குக் கொடுக்கும். ஒளித் துகளும் மூலக்கூறுக்கு ஆற்றலில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு வருகிறது. ஆனால் ஸ்ட்ரைக்கர் மாதிரி அதன் வேகம் குறையாது. அலைநீளம் கூடி, நிறம்தான் சிவப்புப் பக்கம் நகரும். இது மிக அரிதாக, ஏறக்குறைய ஒரு கோடி துகள்களில் ஒன்றுக்குத்தான் நடக்கிறது. அத்தனை மங்கலாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

நோபல் யாருக்கு?

நேச்சர் இதழில் 1928 மார்ச் 31 அன்று வெளியான முதல் கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தன. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. நோபல் உரையில் கிருஷ்ணனின் பங்கை ராமன் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். ஆராய்ச்சியைத் தொடங்கி, பல ஆண்டுகள் வழிநடத்தியவர் ராமன் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் இதை ராமன்-கிருஷ்ணன் விளைவு என்றே அழைக்க வேண்டும் என்ற குரல் இன்றும் கேட்கிறது.

அதற்குப் பிறகு?

கிருஷ்ணன் அந்த நிழலிலேயே நின்றுவிடவில்லை. டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒளியை விட்டு காந்தவியலுக்கு மாறினார். சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். அதிலிருந்து படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கணித்தார். 1933-ல் கொல்கத்தா திரும்பினார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1946-ல் சர் பட்டம்.

டெல்லியில் தொடங்கப்பட்ட தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் இவர்தான். நம் நாட்டின் மீட்டர், கிலோகிராம் அளவுகளுக்கும், மொபைலில் நாம் பார்க்கும் இந்திய நேரத்துக்கும் அடிப்படை அங்கேதான் பராமரிக்கப்படுகிறது. 1954-ல் ராமனுக்கு பாரத ரத்னா, அதே ஆண்டு கிருஷ்ணனுக்கு பத்ம பூஷன். 1961 ஜூனில் அவர் காலமானார்.

இன்று மருந்தின் தரம் பார்க்கவும், ரத்தினக் கல் அசலா போலியா என்று கண்டுபிடிக்கவும், வெடிபொருளை அடையாளம் காணவும் ராமன் ஸ்பெக்ட்ரோஸ்கோப் பயன்படுகிறது. 2021-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவரிலும் இதே முறையில் பாறைகளை ஆராயும் கருவிகள் உள்ளன. வத்திராயிருப்புக்காரர் கண் வலிக்கப் பார்த்த அந்த மங்கலான ஒளியைத்தான் அவையும் தேடுகின்றன.