படகில் வாழ்ந்த பாவலர்

பொருள்வளம் மிக்க மேனாட்டார் பலர் படகுச் சங்கங்களின் துறைகளில் தம் பாய்ப்படகுகளை நிறுத்தி, அவற்றிலேயே உண்டு உறங்கி ஓய்வு நாட்களைக் கழிப்பர். அத்தகைய சங்கம் ஒன்று சென்னையிலும் 1911-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அன்னார்க்குப் படகு ஓர் இன்ப விளையாட்டு. அவ்வாறன்றிப் படகையே வீடாகவும் அலுவலகமாகவும் எழுத்தறையாகவும் கொண்டு, பல்லாண்டு ஆற்றுநீரின்மேல் வாழ்ந்த பெரியார் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவரே வங்கக் கவியரசர் இரவீந்திரநாத தாகூர். அவர்தம் பாடல்களை அறிந்தார் பலர். அவர் வாழ்ந்த படகை அறிந்தார் சிலரே. அப்படகு அவர்க்குக் கற்பித்தது யாது என்பதைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பீங்கான் சூளைகளாற் பெயர்பெற்ற விருத்தாசலத்தைச் சார்ந்த எம்போன்றார்க்கு ஆறு என்றவுடன் நினைவிற்கு வருவது மணிமுத்தாற்றின் மணற்பரப்பே. மழைக்காலத்துச் சின்னாள் வெள்ளம் பெருகும். பின்னர் அவ்வாற்றைக் கடத்தற்குக் கால்களே போதும். எதிர்க்கரை காணாத ஆறுகள் பின்னிக் கிடக்கும் கீழ்வங்கத்தின் நிலை வேறு. ஆங்கு ஆறே பெருவழி, படகே வண்டி. சந்தைக்குச் செல்வாரும், மணமகளைப் புக்ககம் விடுப்பாரும், வரி தண்டுவாரும் படகிலேயே சென்றனர். இவ்வேறுபாட்டை உளங்கொண்டாற்றான் தாகூரின் படகு வாழ்க்கை நமக்கு விளங்கும்.

இரவீந்திரநாதர் 1861-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் கல்கத்தாவின் ஜோராசங்கோ என்னும் பகுதியிலுள்ள தம் குலத்தார் மாளிகையிற் பிறந்தார். பாட்டனார் துவாரகாநாதர் வாணிகத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். தந்தையார் தேவேந்திரநாதர் பிரம்ம சமாஜத்தின் தலைவர். மகரிஷி என்று மக்களாற் போற்றப்பெற்றவர். பெரிய குடும்பத்தின் இளைய மைந்தராகிய இரவீந்திரர் வேலையாட்களின் கண்காணிப்பில், மாளிகைச் சுவர்களுக்குள்ளேயே வளர்ந்தார். பள்ளிகள் பல மாறியும் எப்பள்ளியிலும் அவர் உள்ளம் பொருந்தவில்லை. 1875-இல் அன்னையார் மறைந்தார். 1878-இல் இங்கிலாந்திற்குச் சென்று சின்னாள் கல்வி பயின்றும் பட்டம் எதுவும் பெறாது 1880-இல் திரும்பினார். 1883-இல் மிருணாளினி தேவியாரை மணந்தார். இருபத்தொன்பதாம் அகவைக்குள் நூல்கள் பல இயற்றிக் கவிஞர் எனப் பெயர் பெற்றுவிட்டார். ஆயினும் உழுது விளைவிக்கும் மக்களின் வாழ்க்கையை அவர் அருகிருந்து கண்டவரல்லர். அவர் உண்ட உணவும் உடுத்த உடையும் அம்மக்கள் செலுத்திய வரிப்பணத்தால் வந்தவை என்பதை அவர் அறிவார். அம்மக்களின் முகங்களை மட்டும் அறியார்.

இந்நிலையிலே, குடும்பத்தின் ஜமீன் நிலங்களைப் பார்வையிடும் பொறுப்பைத் தந்தையார் அவர்பால் ஒப்புவித்தார். அந்நிலங்கள் மூன்று இடங்களிற் பரவிக் கிடந்தன. பத்மா ஆற்றங்கரையிலுள்ள ஷிலைதஹம் ஒன்று, ஷாஜாத்பூர் மற்றொன்று, நாகர் என்னும் சிற்றாற்றின் கரையிலுள்ள பதிசரம் பிறிதொன்று. இவை யாவும் இந்நாளில் வங்காளதேசத்தைச் சார்ந்தவை. ஓரிடத்தினின்று மற்றோரிடம் செல்ல ஆறுகளும், கால்வாய்களும், மழைக்காலத்திற் கடல்போல் விரியும் ஏரிகளுமே வழி. ஆதலின் 1891 முதல் குடும்பத்திற்குரிய வீட்டுப்படகு ஒன்று அவர்க்கு இல்லமாயிற்று. ஆற்றின் பெயரையே தாங்கி அதுவும் பத்மா என்று வழங்கப்பெற்றது.

அப்படகின் வாழ்க்கை எத்தகையது? படகின் நடுவே அறைகளும், நீரை நோக்கிய பலகணிகளும், எழுதுவதற்கு ஒரு மேசையும் இருந்தன. காற்று இசைந்தவிடத்துப் பாய் விரிப்பர். இசையாதவிடத்துப் படகோட்டிகள் கரையிலிறங்கிக் கயிற்றாற் படகை இழுத்துச் செல்வர். மாலையில் ஏதேனும் ஒரு சிற்றூரின் துறையிலோ, ஆளரவமற்ற மணல்திட்டின் ஓரத்திலோ படகைக் கட்டுவர். காலையிற் கணக்கர் ஏடுகளுடன் வருவர். குடியானவர் முறையீடுகளுடன் வருவர். அவர்கள் சென்றபின் கவிஞர் எழுத அமர்வார். ஓரிரவு விளக்கொளியில், அழகின் இயல்பை ஆராயும் ஆங்கில நூல் ஒன்றைப் படித்து அலுத்து, விளக்கை அணைத்தார். அணைத்த அக்கணமே நிலவொளி பலகணிகள் அனைத்தின் வழியாகவும் அறையினுள் வெள்ளமெனப் புகுந்தது. அச்சிறு விளக்கு அத்துணை நேரமும் அப்பேரொளியைத் தடுத்து நின்றமையை எண்ணி அவர் நாணினாராம்.

ஆற்று வாழ்க்கை என்றும் இன்பமாகவே இருந்ததென்று எவரும் எண்ணற்க. 1892-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வெள்ளம் பெருகிய கோராய் ஆற்றிற் சென்றுகொண்டிருந்தபொழுது, படகின் பாய்மரம் பாலத்தில் மாட்டிக்கொண்டது. நீரின் விசையாற் படகு சாய்ந்தது. அருகே வந்த படகினரும் கரையில் நின்றாரும் உதவியிராவிடின் கவிஞர் உயிர் அன்றே போயிருக்கும். வரி தண்ட வந்த ஜமீன்தாரின் உயிரைக் காத்தது எளிய மக்களின் கைகளே.

படகின் பலகணி அவர்க்கு ஒரு நூலகமாயிற்று. ஷாஜாத்பூரில் இருந்த அஞ்சல் நிலைய அலுவலர் சில மாலைகளில் வந்து உரையாடுவார். நகரத்தினின்று வந்து சிற்றூரில் தனித்துவாடும் அவர் நிலையைக் கண்டு, 1891-இல் போஸ்ட்மாஸ்டர் என்னும் சிறுகதையைத் தாகூர் எழுதினார். துறையிற் கிடந்த பெரிய பாய்மரத்தைச் சிறுவர் கூடி உருட்டி விளையாடியது மற்றொரு கதைக்கு வித்தாயிற்று. கணவன் வீட்டிற்குப் படகேறிச் சென்ற பெண்ணொருத்தியின் காட்சி வேறொரு கதையாயிற்று. அதுகாறும் வங்க இலக்கியத்திற் சிறுகதை வேரூன்றவில்லை. அதனை வேரூன்றச் செய்தவர் தாகூர் என்றும், அக்கதைகளிற் பெரும்பாலன இவ்வாற்றங்கரைகளிலே பிறந்தவை என்றும் அறிஞர் கூறுவர். அவர் கதைகள் சிலவற்றை நம் பாரதியார் தமிழாக்கினார் என்பது நமக்கும் பெருமை தருவதே.

கண்டவற்றையெல்லாம் அவர் தம் தமையனார் மகளாகிய இந்திரா தேவிக்குக் கடிதங்களாக வரைந்தார். அவ்வம்மையார் அவற்றை ஏடுகளிற் படியெடுத்துப் பேணினார். அவற்றினின்று தொகுத்த நூல் 1912-இல் வெளிவந்து, வங்க உரைநடையின் அணிகலன்களுள் ஒன்றாயிற்று.

படகிற்கு விருந்தினரும் வந்தனர். அவர்களுட் சிறந்தவர் அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸ். வாரக் கடைசியில் வரும் அவர், வருந்தோறும் புதுக்கதை ஒன்று கேட்க வேண்டுமென நண்பரிடம் வற்புறுத்துவாராம். பகலில் மணல்திட்டுக்களில் ஆமை முட்டைகளைத் தேடியும் ஆற்றில் நீராடியும் அவர் மகிழ்ந்தார் என்று தாகூரின் மைந்தர் இரதீந்திரநாதர் தம் நினைவு நூலிற் குறித்துள்ளார்.

ஆற்றங்கரையின் பாடகரும் கவிஞர்க்கு ஆசிரியராயினர். அவ்வட்டாரத்தில் வாழ்ந்து 1890-இல் மறைந்த லாலன் பக்கீரின் பாடல்களைத் தாகூர் தேடித் தொகுத்தார். ஷிலைதஹத்தில் அஞ்சல் கொண்டு திரிந்த ககன் என்பவர் பாடிய பாட்டொன்றின் இசையை அவர் மறக்கவில்லை. 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து நாடு கொதித்தெழுந்தபோது, அவ்விசையிலேயே தாய்நாட்டுப் பாடல் ஒன்றை அமைத்தார். அப்பாடலே பின்னாளில் வங்காளதேசத்தின் நாட்டுப்பண்ணாயிற்று. அஞ்சற்காரர் ஒருவரின் இசையை ஒரு நாடே எழுந்து நின்று பாடும் பேறு பெற்றமை எண்ணுதற்கு இனியது.

இனி, இவ்வாழ்க்கையின் உட்பொருளைக் காண்போம். அவர் வந்தது வரி பெறுதற்கு. வந்த இடத்திலோ, தாமே பெருங்கடனாளி என்பதை உணர்ந்தார். வெள்ளம் வந்தால் விளைநிலம் இழந்து, வாராவிடில் விதையும் இழந்து, வட்டிக்கடைக்காரரிடம் அகப்பட்டு நைந்த குடியானவரை அவர் நாள்தோறும் கண்டார். ஆண்டுத் தொடக்க வரிவிழாவில் இந்துக்களுக்கு ஒருவகை இருக்கையும் முஸ்லிம்களுக்கு வேறுவகை இருக்கையும் இடும் பழைய முறையைக் கண்டு, அனைவரும் ஒருங்கே அமர்ந்தாலன்றித் தாம் அமரமாட்டேன் என்று அவர் மறுத்ததாக அவ்வூரார் வழிவழியாகக் கூறிவந்தனர். சோனார் தரீ என்னும் அவர் நூல் 1894-இல் வெளியாயிற்று. பொற்படகு என்பது அதன் பொருள். அதன் தலைப்புப் பாட்டில், உழவன் ஒருவன் தன் விளைச்சல் முழுவதையும் படகில் ஏற்றுகிறான், ஏற்றியபின் அவனுக்கு அதில் இடமில்லை, படகு போய்விடுகிறது. அதற்குத் தத்துவப் பொருள் கூறுவார் பலர். எனினும், உழவர் விளைத்த செல்வத்தை ஏற்றிச்செல்லும் படகில் இருந்துகொண்டே அக்கவிஞர் அதனை எழுதினார் என்பதை நாம் மறத்தலாகாது.

1898-இல் மனைவி மக்களை ஷிலைதஹத்திற்கே அழைத்துவந்து கரையிலுள்ள மாடிவீட்டிற் குடியமர்த்தினார். 1901-இல் சாந்திநிகேதனத்திற் பள்ளி நிறுவியதோடு அவர்தம் ஆற்று வாழ்க்கையின் பெரும்பகுதி முடிவுற்றது. அதன்பின் துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. 1902-இல் மனைவியார் இறந்தார், 1903-இல் மகள் ரேணுகை, 1905-இல் தந்தையார், 1907-இல் இளைய மகன் சமீந்திரன். இத்துணை இழப்புக்களுக்கிடையிலும் தாம் உணர்ந்த கடனைத் தீர்க்க அவர் முயன்றார். 1905-இல் பதிசரத்தில் உழவர் வங்கி ஒன்றைத் தொடங்கினார். 1906-இல் மூத்த மகன் இரதீந்திரரை, செல்வர் மக்கள் நாடும் பிற கல்விகளுக்கு அனுப்பாது, உழவுக்கலை பயில அமெரிக்க நாட்டு இல்லினாய்ப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். பதிசரத்தைச் சூழ்ந்த ஊர்களிற் குடிகள் சிறுதொகை செலுத்த, ஜமீனும் பங்கு கொடுத்து, பள்ளிகளும் மருத்துவசாலைகளும் அமைந்தன. வழக்குகளை ஊராரே தீர்த்துக்கொண்டனர்.

1912-இல் உடல்நலங்குன்றிய கவிஞர் ஓய்வு நாடி மீண்டும் ஷிலைதஹத்திற்கே வந்தார். பத்மாவின் கரையில் இருந்துகொண்டே கீதாஞ்சலிப் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கத் தொடங்கினார். மறு ஆண்டு நோபல் பரிசு அவரை நாடி வந்தது. அப்பரிசுத் தொகையைப் பதிசர உழவர் வங்கியில் இட்டார். ஆங்கில அரசு 1915-இல் அளித்த சர் பட்டத்தை, ஜாலியன்வாலாபாக் கொலையைக் கண்டு 1919-இல் துறந்தார். 1922-இல், எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கில நண்பரின் துணையுடன் ஸ்ரீநிகேதனம் என்னும் கிராமப் புனரமைப்பு நிலையத்தை நிறுவினார். 1930-இல் ரஷ்ய நாட்டைக் கண்டபின் எழுதிய கடிதங்களில், ஜமீன் வருவாயால் வாழ்தல் தமக்கு நாணம் தருகின்றது என்னும் கருத்தை ஒளியாது வெளியிட்டார். அத்துணைப் புகழ் பெற்றார் தம்மையே குற்றங்கூறத் துணிதல் அரிது.

பழைய படகை அவர் உள்ளம் கைவிடவில்லை. 1935-இல், எழுபத்து நான்காம் அகவையில், சந்திரநாகூரின் அருகே கங்கையில் நிறுத்திய பத்மாவில் சின்னாள் தங்கினார். 1937-இற் பதிசரக் குடிகளை இறுதியாகச் சென்று கண்டார். 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், பிறந்த மாளிகையிலேயே உயிர் நீத்தார்.

கடன் தீர்ந்ததா? தீரவில்லை என்றே கூறவேண்டும். பதிசர வங்கி பின்னாளில் நொடித்தது. கடனாக அளித்த பொருள் திரும்பவில்லை. நோபல் பரிசுத் தொகையும் அதனோடு போயிற்று. ஒருவர் முயற்சியால் நீங்கும் அளவினதன்று அவ்வுழவரின் வறுமை. ஷிலைதஹத்து வீடு இன்று காட்சியகமாய் நிற்கின்றது. எனினும், பெற்ற பெரும்பரிசைப் பெற்ற இடத்திற்கே திருப்பிய நேர்மையை அத்தோல்வி மறைக்கமாட்டாது. அக்கதைகளும் பாடல்களும் அவ்வாற்றங்கரை மக்கள் அவர்க்கு அளித்தவை. அவற்றால் வந்த பொருள் அவர்க்கே உரியதென்று அவர் எண்ணவில்லை.

மாணவ நண்பர்காள், கல்லூரியிற் பயிலும் நாமும் ஒருவகையிற் படகில் இருப்பவரே. நாம் கற்கும்பொழுது நம்பொருட்டு நிலத்தில் உழுவாரும், சூளையில் வெந்து உழைப்பாரும் கரையில் நிற்கின்றனர். தாகூர்போற் பாட நம்மில் எத்துணைப் பேரால் இயலும்? பலகணியைத் திறந்து அவர்களைப் பார்த்தல் எல்லார்க்கும் இயலும். பார்த்தபின் செய்யவேண்டுவது யாதென அவர்தம் வாழ்க்கையே காட்டும்.