தபால் இலாகாவுக்குக் கணக்குச் சொன்ன வாத்தியார்

நான் வேலை பார்க்கும் அரசுத் துறையில் ஒரு பம்புக்கு எண்ணூறு ரூபாய் பேரிங் வாங்க ஏழு கையெழுத்து வேண்டியிருந்தது. பதினோரு நாள் பம்பு சும்மா கிடந்தது. அந்த ஏழு கையெழுத்துக்கு ஆன சம்பளச் செலவைக் கணக்குப் போட்டால் பேரிங் விலையைத் தாண்டும் போலிருந்தது. அப்போதுதான் ரோலண்ட் ஹில் ஞாபகம் வந்தது.

இங்கிலாந்தில் கிட்டர்மின்ஸ்டர் என்ற ஊரில் 1795-ல் பிறந்தவர். அப்பா நடத்திய பள்ளியிலேயே வாத்தியார். தபால் துறையில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. ஆனால் மக்கள்தொகையும் வியாபாரமும் பெருகியும் இருபது வருஷமாகத் தபால் வருமானம் மட்டும் ஏன் ஏறவில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை.

அக்காலத்தில் தபால் கட்டணம் தூரத்துக்குத் தூரம் மாறும். இரண்டு தாள் இருந்தால் இரட்டைக் கட்டணம். குமாஸ்தா ஒவ்வொரு கடிதத்தையும் விளக்கில் பிடித்துத் தாளை எண்ணி, கட்டணம் எழுதி, கணக்கில் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் பணம் கொடுப்பவர் கடிதம் பெறுபவர்தான். தபால்காரர் வாசலில் நின்று காசுக்குக் காத்திருப்பார். வேண்டாம் என்று திருப்பிவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்! பார்லிமெண்ட் உறுப்பினர்களுக்கோ இலவசம்.

ஹில் அறிக்கைகளை வாங்கி உட்கார்ந்து கணக்குப் போட்டார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்துக்கு ஒரு ஷில்லிங்குக்கு மேல், அதாவது 12 பென்னிக்கு மேல், வாங்கினார்கள். வண்டியில் அதைக் கொண்டுபோக ஆகும் செலவோ ஒரு பென்னியில் 36-ல் ஒரு பங்கு! ஆக, தூரத்தால் ஆகும் செலவு அற்பம். கட்டணத்தைக் கணக்கிடுவதிலும் வசூலிப்பதிலும்தான் வேலை பெருத்துக் கிடந்தது. எங்கே அனுப்பினாலும் அரை அவுன்ஸுக்கு ஒரு பென்னி, அதையும் முன்பணமாக வாங்கிவிடலாம் என்று 1837-ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார்.

இலாகா கொதித்தது. அதன் தலைவரே நடக்காத கனவு என்று ஒதுக்கினார். ஆனால் வியாபாரிகளும் பொதுமக்களும் விடவில்லை. 1840 ஜனவரி 10-ல் பென்னித் தபால் வந்தது. மே மாதம் உலகின் முதல் ஒட்டும் தபால்தலை 'பென்னி பிளாக்' வந்தது. உறுப்பினர்களின் இலவசமும் போச்சு. 1839-ல் சுமார் 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் 1840-ல் சுமார் 16.9 கோடி ஆயின.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. கட்டணம் குறைந்ததால் நிகர வருமானம் பலமாக விழுந்தது. பழைய நிலைக்கு வர இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஹில் எதிர்பார்த்த வேகம் இல்லை. எதிரிகளுக்கு அது போதாதா? ஆட்சி மாறிய பின், 1842-ல் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் லண்டன்–பிரைட்டன் ரயில் கம்பெனிக்குப் போய் அதன் தலைவரானார். 1846-ல் மறுபடி அழைப்பு வந்தது. 1854-ல் தபால் துறைச் செயலாளர் ஆகி, 1864-ல் ஓய்வு பெற்றார். 1879-ல் காலமானபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள்.

நம் நாட்டுக்கும் அந்த முறை வந்தது. 1854-ல் தூரக் கணக்கு ஒழிந்து, அரை அணா தபால்தலை நாடு முழுக்கச் செல்லுபடியானது. ஏழைக்கும் கடிதம் எட்டியது.

சிக்கனம் என்றதும் நம் ஆபீஸ்களில் ஃபேனை நிறுத்து, பேப்பரைக் குறை என்று சர்க்குலர் வரும். ஹில் குமாஸ்தாவை வேகமாக எண்ணச் சொல்லவில்லை. எண்ண வேண்டிய அவசியத்தையே எடுத்துவிட்டார். அரசுப் பணியில் பொறுப்பான நாற்காலியில் இருக்கும் நம் கல்லூரி அண்ணன்மார்களும் அக்காமார்களும் திங்கட்கிழமை ஆபீஸ் போனதும், தங்கள் மேஜைக்கு வரும் கையெழுத்துகளில் எது இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்களேன். என் மேஜையில் இரண்டு தேறியது.