தன்னை ஆண்டு பிறரை நடத்திய தகைமை
நல்லை நகர் ஆறுமுக நாவலர் வரலாறு

திருக்கோயிலொன்று திருப்பணி நிறைவெய்திக் குடமுழுக்குக் காண்பது ஓர் ஊரார் பெறும் பேறுகளுட் சிறந்ததாகும். கலசத்தில் நீர் சொரியும் அந்நாழிகையில் நம் கண்கள் அனைத்தும் விமானத்தை நோக்கி நிற்கின்றன. அந்நாழிகை கடந்தபின் நம் கண்கள் எதை நோக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். கல்லும் சுதையும் பழுதுற்றால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை திருத்திக் கொள்ளலாம். கோயிலை நடத்தும் மக்களின் ஒழுக்கம் பழுதுற்றால் அதனைத் திருத்தும் ஸ்தபதி யார்? அவரவரே தமக்கு ஸ்தபதியாதல் வேண்டும்.

சாந்தோம் கடற்கரையில் நாள்தோறும் மாலையில் உலவுதல் முதுமையில் எனக்கு வாய்த்த வழக்கம். மயிலைக் கபாலீசர் திருக்கோயில் முற்காலத்தில் இக்கடலோரத்தே இருந்தது என்பது நம்மவர் வழிவழி கேட்டு வருஞ் செய்தி. அலையைக் காணும்போதெல்லாம் தென்றிசையில், இதே கடல் சூழ்ந்த யாழ்ப்பாணத்தினின்று பன்முறை இச்சென்னைக்கு வந்து போன ஒரு பெரியாரை நினைப்பேன். அவரே நல்லூர் ஆறுமுக நாவலர். பட்டமும் பதவியும் படையும் இன்றி, ஒரு நாட்டுச் சைவர் அனைவரையும் தம் சொற்வழி நடக்கச் செய்தவர் அவர். அஃது எவ்வாறு இயன்றது என்று ஆராய்வோமாக.

நாவலர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள் நல்லூரில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகவாகத் தோன்றினார். பிள்ளைப் பெயர் ஆறுமுகம். இளமையிலேயே தந்தையை இழந்தார். சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராய முதலியாரிடத்தும் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலம் பயிலும் பொருட்டு யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்து, பின்னர் அப்பாடசாலையிலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அப்பாடசாலைத் தலைவர் பேர்சிவல் பாதிரியார், ஆறுமுகத்தின் தமிழ்ப் புலமையை மதித்து, விவிலிய நூலைத் தமிழாக்கும் பணியில் அவரைத் துணையாகக் கொண்டார். அம்மொழிபெயர்ப்பை அறிஞர் பார்வைக்கு வைக்கும் பொருட்டு இருவரும் சென்னைக்கு வந்ததும், மழவை மகாலிங்கையர் அதனை நோக்கி மெச்சியதும் நாவலர் வரலாற்றில் வழங்குஞ் செய்திகள்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பிற சமயத்தார் நிலையத்திலே பல ஆண்டுகள் உடனிருந்தும், நாவலர் தம் திருநீற்றையும் பூசை நியமத்தையும் ஒருநாளும் விட்டாரல்லர். உரிய ஊதியத்துக்கு உரிய உழைப்பை அளித்ததிலும் குறை வைத்தாரல்லர். பாதிரிமார்களிடத்து அவர் கண்டு உட்கொண்டவை சில உள. காலந்தவறாமை, வகுப்பு முறை, அச்சுநூலின் ஆற்றல், மக்களிடம் நேரே சென்று பேசும் ஊக்கம் என்பன அவை. தம் மக்கள் தம் சமயத்தை விட்டு நீங்குவது எதனால் என்று ஆராய்ந்தபோது, அயலாரைக் குறை கூறுவதோடு அவர் நின்றுவிடவில்லை. சைவர் தம் பிள்ளைகளுக்குத் தம் சமயத்தைக் கற்பியாது விட்டனர் என்னும் வீட்டுக் குறையையே முதலிற் கண்டார். பிறரைப் பழிக்கு முன்னர்த் தன் இல்லத்தைப் பெருக்குதலே தலைமைக்கு முதற்படி போலும்.

1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தம் முதற் சமயப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நிகழ்ந்தது. அவருடைய நண்பர் கார்த்திகேய ஐயரும் மாறி மாறிப் பேசினார். புராண படனம் கேட்டுப் பழகிய மக்களுக்கு, நாள் குறித்து, பொருள் குறித்து, யாவர்க்கும் விளங்கும் வசனநடையிற் செய்யப்பெற்ற இப்பேச்சு புதுமையாயிற்று. கொலை, களவு, கள், பொய் முதலியவற்றை விலக்குமாறு அவர் பேசினார். பேசியவரிடத்து அவற்றுள் ஒன்றும் இல்லை என்பதனை ஊரார் அறிவர். ஆகவே கேட்டவர் சிலர் அன்றே புலால் ஒழித்தனர். சிலர் தீக்கை பெற்றனர். சொல்லுக்கு வலி சொல்லிலிருந்து வருவதன்று; சொல்லுவான் கழிக்கும் நாளிலிருந்து வருவது.

1848-இல் நாவலர் மிஷன் பாடசாலை ஆசிரியத் தொழிலை விட்டார். அக்காலத்தில் ஆங்கிலம் வல்ல ஓரிளைஞர்க்கு அரசாங்க வேலையும், அதனால் வருஞ் செல்வமும் எளிதிற் கிட்டுவன. மிகுந்த ஊதியம் தருவதாகப் பேர்சிவல் வற்புறுத்தியும் அவர் இசைந்திலர் என்று வரலாறு கூறும். இருவரிடையே பகைமை நேர்ந்ததென்பதற்கில்லை. பேர்சிவல் பின்னாளிற் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கினார். நாவலரோ இல்லறம் புகாது, நைட்டிகப் பிரமசரியம் பூண்டு, அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.

தொடக்கத்தில் அப்பாடசாலைக்குப் பொருளில்லை. ஆசிரியர்க்குக் கொடுக்க ஊதியமுமில்லை. ஆயினும் ஆசிரியர் வந்தனர். எவ்வாறு? முன்னே நின்று கற்பித்தவர் தமக்கெனக் காசு ஒன்றும் எடுத்துக்கொள்ளாதவராய் இருந்தமையின், பின்னே நின்றவர்க்குக் கேட்க நா எழவில்லை. ஊதியம் பெறுதல் குற்றமென்று நான் கூறவில்லை. உழைப்பார்க்கு உரியது அளித்தல் அறமே. பிறர் தியாகத்தை வேண்டுவோன் தன் தியாகத்தை முதலில் வைத்தல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் கொள்ளுவது.

பாடசாலை உண்டாயிற்று, படிக்க நூல் வேண்டுமே! 1849-இல் நாவலர் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையோடு அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுச் சென்னைக்குப் புறப்பட்டார். இடையில் திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்து, அங்கே சைவப் பொருளை விரித்துரைத்தார். அவர்தம் வாக்கு வன்மையைக் கண்ட சந்நிதானம் நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியருளிற்று. அப்பொழுது அவர்க்கு அகவை இருபத்தேழு நிரம்பவில்லை. பட்டம் பெற்றோர் பலர் அதனைத் தோளிற் போர்த்துக்கொண்டு அமர்ந்துவிடுவர். இவரோ சென்னையில் சூடாமணி நிகண்டையும் சௌந்தரியலகரியையும் அச்சிட்டு முடித்து, யந்திரத்தையும் வாங்கிக்கொண்டு ஊருக்கு மீண்டு, வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பின்னர்ச் சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அச்சுக்கூடம் ஏற்பட்டது.

அங்கிருந்து பாலபாடங்கள் வெளிவந்தன. 1852-இல் பெரியபுராண வசனம் வந்தது. 1861-இல் திருக்குறள் பரிமேலழகர் உரையோடு வந்தது. ஏடுகளை ஒப்புநோக்கி, பிழை களைந்து, வசனத்திற் குறியீடுகளை முறையாக இட்டு, எழுத்தொன்றும் வழுவாது அச்சிடுவதில் அவர் எடுத்துக்கொண்ட உழைப்பே உழைப்பு. நாவலர் பதிப்பு என்றால் பிழையற்ற பதிப்பு என்று அறிஞர் நம்பினர். திருமடத்திற் பயின்ற என் இளமையில், அப்பதிப்புகளை ஆசிரியர் இரு கைகளாலும் எடுத்துத் தருவார். நாங்களும் இரு கைகளாலும் வாங்குவோம். பக்கத்தில் ஒற்றுப் பிழை கண்டு காட்டுவோர்க்குப் பரிசு உண்டென்று அவர் நகைத்துக் கூறுவதுண்டு. அப்பரிசை நான் பெற்றேனல்லேன்.

நாவலர் தம் தொண்டை ஈழத்தோடு நிறுத்தவில்லை. 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அங்கே கோப்பாய்ச் சபாபதி நாவலர் போன்றோர் கற்பித்தனர். 1872-இல் சைவப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வண்ணார்பண்ணையில் ஒரு பாடசாலை தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டால் அது சில ஆண்டுகளில் நின்றது. எடுத்ததெல்லாம் கைகூடிற்றென்று எண்ணற்க. தோல்வியும் அவர்க்கு உண்டு. ஆனால் அவர் ஊன்றிய எண்ணம் மடியவில்லை. அவர் மறைந்தபின், 1890-இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அவ்வெண்ணத்தினின்றே முளைத்தது.

கோயிற் செல்வர்கள் சிறப்பாகக் கேட்க வேண்டுவது ஒன்றுண்டு. அதே 1872-இல் நாவலர் யாழ்ப்பாணச் சமயநிலை என்னுஞ் சிறு நூலை வெளியிட்டார். கோயிலை நடத்துவோரும் பூசை செய்வோரும் வழிபடுவோரும் எவ்வெவ்விடத்து நெறி தவறினர் என்று அதிற் கூசாது எடுத்துரைத்தார். திருவிழாவில் உயிர்ப்பலியையும் வாணவேடிக்கை முதலிய வீண்செலவையும் கடிந்தார். இதனாற் பலர் அவரை வெறுத்தனர். வெறுத்தவரும் அவர்மேற் பொருட்குற்றமோ ஒழுக்கக்குற்றமோ சாட்டுதற்கு இடங்கண்டிலர். கண்டிக்கும் உரிமை கறையற்ற கைக்கே உண்டு.

நடுநிலை பிறழாமற் கூறுவதாயின், நாவலரிடத்துக் கருத்து வேறுபாடு கொள்ளுதற்கும் இடமுண்டு. சாதி முறைமையில் அவர் தம் காலத்து வழக்கையே தழுவி நின்றார். அஃது இன்று நாம் ஏற்கத்தக்கதன்று. இராமலிங்க வள்ளலார் பாடல்கள்பற்றி எழுந்த வழக்கு 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. ஆண்டு எழுந்த கடுஞ்சொற்களை நினைத்தால் இரு பாலார்க்கும் அன்பரான என்போல்வார் நெஞ்சம் நோகும். பெரியோரிடத்துக் கொள்ளத்தக்கதைக் கொள்ளுதலும் தள்ளத்தக்கதைத் தள்ளுதலும் அவர்களுக்கு நாம் செய்யும் அவமதிப்பு ஆகா. தன்னைத்தான் ஆராயும் பழக்கத்தை நமக்குக் கற்பித்தவரே அவரல்லரோ!

அவர் வாழ்வின் முடிமணி பஞ்ச காலத்தொண்டு. 1876-ஆம் ஆண்டு தொடங்கித் தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது யாவரும் அறிந்ததே. யாழ்ப்பாணமும் அதனால் வருந்தியது. கொள்ளை நோயும் உடன்பரவிற்று. நாவலர் வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டி, கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். அப்பொழுது அவர்க்கு அகவை ஐம்பது கடந்திருந்தது, உடலும் நலிந்திருந்தது. ஏவிவிட்டு இருக்கலாம், இருந்தாரல்லர். அரசாங்கத்தார் செய்யத் தவறியதையும் அஞ்சாது எடுத்துக் கூறினார்.

1879-இல் இலங்கைச் சட்டசபையில் தமிழர்க்குரிய இடம் ஒழிவுற்றது. நாவலர் விரும்பியிருந்தால் தம் செல்வாக்கைத் தமக்கே பயன்படுத்தியிருக்கலாம். அவரோ பொன்னம்பலம் இராமநாதன் என்னும் இளைஞரே தகுதியுடையார் எனக் கண்டு, மக்களைக் கூட்டி அவர்க்காகப் பேசினார். இராமநாதனும் அவ்விடத்தைப் பெற்றார். பிறரை முன்னிறுத்திப் பின்னிற்றல், தலைவர்க்குரிய கடைசிப் பாடம். அதனைக் கற்றோர் மிகச் சிலர்.

அவ்வாண்டு ஆடிச் சுவாதியன்று, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசையில், வண்ணார்பண்ணையிற் பேசியதே அவர்தம் இறுதிப் பிரசங்கம். தொடங்கிய ஊரிலேயே, முப்பத்தோர் ஆண்டுகளுக்கு மேற் சென்றபின், அந்நா ஓய்ந்தது. டிசம்பர் 5-ஆம் நாள் சிவபதம் எய்தினார். மனைவி மக்கள் அவர்க்கு இலர். ஆயினும் சதாசிவப்பிள்ளை முதலிய மாணாக்கர் அச்சுக்கூடத்தையும் அறப்பணியையும் தொடர்ந்து நடத்தினர். தலைவன் எத்தகையன் என்பதனை அவன் இருக்கும்போது அறிதல் அரிது. அவன் போனபின் பணி நிற்கின்றதா நடக்கின்றதா என்பதனால் அறியலாகும்.

அன்பர்களே, பல்லாண்டுகட்கு முன் ஓர் ஊரில் நான் கண்டதைக் கூறி முடிப்பேன். அவ்வூர்க் கோயிற் காரியத்தர் ஒருவர், உஷக்காலப் பூசைக்கு ஒருவரும் வருவதில்லையென்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். தாங்கள் வருவதுண்டோ என்று வினவினேன். அவர் விடை கூறவில்லை, முகம் வாடிற்று. நானும் வினவியதற்கு வருந்தினேன். மறுநாள் விடியலில் கோயிலுக்குச் சென்றபோது, ஈர வேட்டியுடன் அவர் ஒருவரே சந்நிதியில் நின்றார். அடுத்த ஆண்டு அங்கே சென்ற நான், அதே நேரத்திற் பன்னிருவரை எண்ணினேன். அவர் அவர்களை அழைத்தாரா என்று கேட்டேன். ஒருவரையும் அழைக்கவில்லை என்றார்.

இத்திருக்கோயிற் குடமுழுக்கிற்குப் பொன்னும் பொருளும் உழைப்பும் ஈந்த செல்வர்களே! நீவிர் அளித்தது பெரிது. இனி அளிக்க வேண்டுவது அதனினும் பெரிது. கணக்கை முதலில் நம் கையாலே தூய்மையாக எழுதுவோம். வரிசையில் நாமே நின்று வழிபடுவோம். முதன் மரியாதை நமக்கு வரும்போது, அதனை ஒரு முதியவர்க்கோ ஓர் ஏழைக்கோ விட்டுக்கொடுப்போம். பிரகாரத்தில் குப்பை கிடப்பின் ஆளை அழைக்கு முன் நாமே குனிவோம். நம் பிள்ளைகள் அதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். நாம் கூறுவதை அவர்கள் மறப்பர். நாம் குனிந்ததை மறவார்.

நாவலர் பெருமான் காட்டிய அவ்வழியில் நம்மை நிறுத்துமாறு, இக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் அம்மையப்பர் திருவடிகளை வணங்கி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்